படத்தில் இருப்பது அசல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுறேன். இங்க நானும் அத்தையும் நல்லா இருக்கோம். அத்தையோட முழங்கால் வலி மட்டும் ஒட்டிக்கிட்ட விருந்தாளி மாதிரி கிளம்பவே மாட்டேங்குது. உன் இருமல் எப்படி இருக்கு? மருந்தை வாங்கி அலமாரியில வெச்சு அழகு பார்க்காம எடுத்துக் குடி.

போன் இருக்கும்போது கடிதாசி எதுக்குன்னு யோசிப்ப. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கல்லு இருக்கு, அதுக்குத் துணையாத்தான் இந்தக் காகிதம். இன்னொண்ணு, நான் போன்ல பேச ஆரம்பிச்சா அத்தை டிவி சத்தத்தைக் குறைச்சிடுறாங்க. வயசு முழங்காலுக்குத்தான் ஆச்சு, காதுக்கு ஆகலை.

விஷயத்துக்கு வர்றேன். ஆன்லைன்ல கல்லு விக்கிற ஒருத்தர்கிட்ட இந்த நீலக் கல்லை வாங்கினேன். சுரங்கத்துல இருந்து எடுத்த இயற்கையான படிகம்னு போட்டிருந்தது. நீ மியூசியத்துல கல்லுங்களோடயே குடும்பம் நடத்துற ஆளு. அசலா போலியான்னு பார்த்துச் சொல்லு. எப்படிக் கண்டுபிடிச்சன்னும் விளக்கமா எழுது. அடுத்த தடவை நானே பார்த்துத் தெரிஞ்சுக்கணும்.

அண்ணிக்கு என்ன திடீர்னு கல்லு ஆசைன்னு கேட்டா, பெரிசா ஒண்ணும் இல்ல. பல் டாக்டர் கிளினிக்ல டோக்கன் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தா பொழுது போகணுமே. உன் அண்ணன் வேலை பார்த்த சுரங்கத்துல இருந்து கொண்டுவந்த கல்லுங்க அலமாரியில அப்படியே இருக்கு. உள்ள போனவர் வெளிய வராம ஏழு வருஷம் ஆச்சு. இத்தனை நாளும் தூசி தட்டி வெக்கிறதோட சரி. இப்பத்தான் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கிறேன். அத்தை வேடிக்கை பார்த்துட்டு, "அரிசியில கிடந்தா பொறுக்கி எறியுறோம், அலமாரியில கிடந்தா துடைச்சு வெக்கிறோம். கல்லாப் பொறந்தாலும் யோகம் வேணும்"னு சொல்றாங்க.

உடம்பைப் பார்த்துக்கோ. பதில் போடு.

அண்ணி

---

ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். இருமல் விட்டது, மருந்தைக் குடித்தேன் என்று அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். அம்மா வெறும் தரையில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கல்லின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கரைந்து என் விரல் நீலமாகிவிட்டது. வேறொன்றும் இல்லை அண்ணி, மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். வெந்நீரில் நிறையக் கரைத்து, தெருவில் கிடக்கிற ஒரு கல்லை உள்ளே போட்டு அசையாமல் வைத்தால் சில நாட்களில் இப்படிப் பூத்துவிடும். எங்கள் மேடம் பார்த்துவிட்டு, "இந்தச் சுரங்கம் யார் வீட்டு அடுப்படியில இருக்கு?" என்று கேட்டார். அது விஷம். தொட்ட கையை நன்றாகக் கழுவுங்கள். பெட்டி வைத்திருந்த இடத்தையும் துடைத்துவிடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். முதலில் கையில் எடுங்கள். நிஜப் படிகம் சில்லென்று இருக்கும். கண்ணாடி அவ்வளவு குளிராது, பிளாஸ்டிக் குளிரவே குளிராது. லென்ஸ் வைத்துப் பாருங்கள், உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ் தெரிந்தால் அது பெரும்பாலும் கண்ணாடி. பிறகு திருப்பிப் பாருங்கள். பாறையிலிருந்து பெயர்த்த கல்லுக்கு எங்காவது ஒரு காயம் இருக்கும், ஒட்டிக்கொண்டிருந்த இடம். நாலா பக்கமும் அழகாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அந்த ஆளிடம் இனி வாங்காதீர்கள்.

அன்புடன்,
தம்பி

---

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்க எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. அத்தைக்கு ஒரு நாற்காலி வாங்கியாச்சு. அதுல உக்காந்துக்கிட்டு என்னை வேலை வாங்குறதுல முழங்கால் வலி கொஞ்சம் மறந்திருக்கு.

முதல்லயே சொல்லிடுறேன், திட்டாதே. இன்னும் ரெண்டு கல்லு வாங்கினேன். அதே ஆளுகிட்டதான். நீ சொன்னபடி எல்லாம் செஞ்சு பார்த்தேன். டாக்டரோட லென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், குமிழ் இல்ல. கன்னத்துல வெச்சுப் பார்த்தேன், சில்லுன்னுதான் இருந்தது. தண்ணியிலயும் கரையலை. டாக்டர், "என்னம்மா, பேஷண்டுக்குப் பதிலா கல்லுக்குப் பல்லு பார்க்கிறீங்களா?"ன்னு சிரிச்சார். மஞ்சள் கல்லும் கறுப்புப் பாறையில ஒட்டின வெள்ளைப் படிகமும் இதோட வருது.

ஒரு கல்லைப் பார்த்து அது எந்தச் சுரங்கத்துல இருந்து வந்ததுன்னு உன்னால சொல்ல முடியுமா? விக்கிறவர் எந்த ஊருல இருக்கார்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? போலின்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பணும் பாரு, அதுக்குத்தான் கேக்கிறேன். மத்தபடி ஒண்ணும் இல்ல.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

---

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திட்டவில்லை, ஆனால் திட்டத்தான் தோன்றுகிறது.

மஞ்சள் கல் அசல் படிகம்தான், நிறம் அசல் இல்லை. ஊதாப் படிகத்தை அடுப்பில் வாட்டினால் இப்படி மஞ்சளாகிவிடும். நுனி மட்டும் கருகிய ஆரஞ்சு, அடி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அதைப் பார்த்தாலே போதும். இரண்டாவதில் கறுப்புப் பாறை நிஜம், வெள்ளைப் படிகமும் நிஜம். இரண்டும் சந்தித்துக்கொண்டது விற்றவர் வீட்டில்தான். புற ஊதா விளக்கில் காட்டினால் பசை தனியாக ஒளிர்ந்தது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைத் தொட்டு வைத்தேன், படிகம் கையோடு வந்துவிட்டது. இரண்டும் பொருந்தாத சம்பந்தம் அண்ணி.

கல்லை வைத்து ஊரைச் சொல்லலாமா என்றால், சில சமயம் முடியும். கல்லைவிட அதன் கீழே இருக்கிற தாய்ப்பாறைதான் பேசும். ஒட்டுப்போட்ட கல்லில் அது முடியாது.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரு முறை ஏமாந்த பிறகும் அதே ஆளிடம் ஏன்? நீங்கள் கறிகாய்க்காரரிடம் ஒரு வெண்டைக்காயை உடைத்துப் பார்க்காமல் வாங்காதவர். அவர் போட்டிருந்த படங்களை அச்செடுத்து அனுப்புங்கள். வந்த கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
தம்பி

---

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் தாமதமாச்சு. கிளினிக்ல வேலை ஜாஸ்தி.

கேட்ட படங்கள் இதோட இருக்கு. நான் வாங்கின கல்லுங்களோட படம் மூணும், வாங்காதது ஒண்ணும். பிரின்ட் எடுத்தப்ப ஓரம் நல்லா வரலை, அதனால வெட்டிட்டேன். கல்லு முழுசாத் தெரியுது, அது போதும்ல?

அத்தை உன்னைக் கேட்டாங்க.

அண்ணி

---

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலமா? நான் இந்தக் கடிதத்தை உடனே எழுதுகிறேன்.

படங்களையும் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் வாங்கிய எதுவும் படத்தில் இருக்கும் கல் இல்லை. நிறம்தான் ஏறக்குறைய ஒன்று. இதுவும் அவர்கள் செய்கிற வேலைதான், ஒரு நல்ல கல்லின் படத்தைப் போட்டு அதே சாயலில் ஒன்றைத் தயாரித்து அனுப்புவது. படத்தில் இருப்பது அசல். பெட்டியில் வருவதுதான் போலி.

நான்காவது படத்தைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். கறுப்புப் பாறை, மேலே லேசாகப் பச்சை ஓடுகிற படிகம், இடையில் துரு நிறத்தில் ஒரு கோடு. அண்ணன் எனக்குக் கொண்டுவந்து கொடுத்த கல் இதோ என் மேஜை மேல்தான் இருக்கிறது. அதே பாறை, அதே பச்சை, அதே கோடு. அந்தச் சுரங்கத்தை விபத்துக்குப் பிறகு மூடிவிட்டார்கள். அப்படியானால் இது அதற்கு முன்னால் எடுத்த கல். உங்களுக்கு இது முன்பே தெரியும் என்று நினைக்கிறேன்.

இரண்டு விஷயம். ஒன்று, படத்தின் ஓரத்தை ஏன் வெட்டினீர்கள்? நாலு படத்திலும் வெட்டு ஒரே பக்கம், கத்தரிக்கோலால் கவனமாக வெட்டியது. இரண்டு, அந்த ஆளிடம் ஒரு கல்லைக் குறிப்பிட்டு, இன்றைய தேதியை ஒரு காகிதத்தில் எழுதி, கல்லையும் காகிதத்தையும் சேர்த்துப் பிடித்துப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கல் அவரிடம் இருந்தால் அனுப்புவார். இரவல் படமாக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லுவார். இதைவிட நல்ல சோதனை கிடையாது.

அன்புடன்,
தம்பி

---

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இருக்கியா? இங்க அத்தை சுகம்.

வெட்டின துண்டுங்களை இதோட வெச்சிருக்கேன். ஒட்டிப் பாரு. கல்லைப் பிடிச்சிருக்கிற கையைப் பாரு. இடது பெருவிரல் நகம் நடுவுல ரெண்டாப் பிளந்து வளர்ந்திருக்கா? துளை போடுற மெஷின் கடிச்ச நகம். ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டப்ப நீதான் கூட இருந்த.

கிளினிக்ல சும்மா உக்காந்திருந்தப்ப, அலமாரியில இருக்கிற ஒரு கல்லுக்கு என்ன பேருன்னு தேடினேன். வந்த படத்துல கல்லு எனக்குத் தெரியவே இல்ல தம்பி. கைதான் தெரிஞ்சது. அதுக்கப்புறம் தினமும் போய்ப் பார்ப்பேன். புதுசாக் கல்லு போடும்போதெல்லாம் அந்தக் கை வரும். ஒரு நாள் பக்கவாட்டுல, ஒரு நாள் உள்ளங்கை. வாங்காம சும்மா பார்த்துட்டே இருந்தா அந்த ஆள் கடையை மூடிட்டுப் போயிடுவாரோன்னு பயம். அதனால வாங்கினேன். கல்லு ஆசை எனக்கு எங்க இருந்து வரும்?

நீ சொன்ன சோதனையையும் செஞ்சேன். தேதியோட படம் கேட்டேன். "நாளைக்கு அனுப்புறேன்"னு பதில் வந்தது. மறுநாள் பார்த்தா கடையே இல்ல. எல்லாப் படமும் போச்சு. நான் கேக்காம இருந்திருந்தா அந்தக் கை இன்னும் அங்கயே இருந்திருக்கும்.

உயிரோட இருக்கிற ஆளா இருந்தா காகிதத்தைப் பிடிச்சுக் காட்டியிருப்பாரேன்னு நீ சொல்லுவ. அது எனக்கும் தெரியும். ஆனா ஒளிஞ்சு வாழுற ஆளும் காட்ட மாட்டார்ல?

அத்தைக்கு ஒண்ணும் தெரியாது.

அண்ணி

---

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களையும் அம்மாவையும் இத்தனை நாள் காக்க வைத்ததற்கு மன்னியுங்கள். போனை எடுக்காததற்கும். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் இல்லை, அண்ணி. கை அண்ணனுடையதுதான். படங்கள் பழையவை.

விற்றவர் அனுப்பிய அதே பெட்டிகளில்தான் நீங்கள் எனக்குக் கல் அனுப்பியிருந்தீர்கள், அவற்றின் அடியில் அவர் ஊர்க் கூரியர் கடையின் முத்திரை இருந்தது. விடுப்புப் போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனேன். கடையில் இருந்த பெண், "கல்லு பார்சல்காரரா? பின்னாடி சந்துல போங்க. எந்நேரமும் மெஷின் ஓடுற வீடு" என்றாள். சந்தில் நுழைந்ததுமே கேட்டது. கல்லுக்கு மெருகேற்றுகிற டிரம் சுற்றுகிற சத்தம். கற்கள் ஒன்றோடொன்று உருண்டு தேய்கிற கரகரப்பு. கதவு திறந்துதான் இருந்தது. ஒரே அறை. தரை முழுக்கப் பிளாஸ்டிக் வாளிகள், நீலத்திலும் பச்சையிலும் தண்ணீர், ஒவ்வொன்றிலும் நூலில் தொங்குகிற கல். அடுப்பில் ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் கிண்டிக்கொண்டிருந்தார். சுருட்டை முடி, பாதி நரை.

"சார்" என்று கூப்பிட்டேன். திரும்பினார். கரண்டி கீழே விழுந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டே பின்னால் போய்ச் சுவரில் முட்டி நின்றார். "மேல வந்துட்டியா?" என்றார். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். "ஐயோ, மேல வந்துட்டியா? எப்படிடா வந்த?" என்று முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் போன வயது இப்போது எனக்கு. ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் எனக்கே சில சமயம் தூக்கிவாரிப் போடும்.

நான் தம்பி என்று புரியவைக்கவே நேரம் ஆனது. அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் சொல்வாரே, குவார்ட்டர்ஸில் கூட இருந்த சுருட்டை, குறட்டையில் கூரை பறக்கும் என்று, அவர்தான் இவர். விபத்து நடந்தபோது அவரும் உள்ளே இருந்திருக்கிறார், வாசல் பக்கமாக. கால் முறிந்ததோடு வெளியே எடுத்திருக்கிறார்கள். அண்ணனின் போன் அறையில் கிடந்திருக்கிறது. நமக்கு அனுப்பிய டிரங்குப் பெட்டியில் அதை வைக்காமல் எடுத்துக்கொண்டார். அதில் அண்ணன் கையில் வைத்து எடுத்த கல் படங்கள் நூற்றுக்கணக்கில். கால் இப்படி ஆன பிறகு வேறு வேலை கிடைக்காமல் இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார். "வெறும் கல்லைப் போட்டா ஜனங்க நம்ப மாட்டாங்க தம்பி. அந்தக் கையைப் பார்த்தா நம்புவாங்க. உழைச்ச கை" என்றார். நீங்கள் தேதியோடு படம் கேட்டதும் பயந்து கடையை மூடிவிட்டாராம்.

அண்ணன் அன்றைக்கு அந்த நிமிஷமே போய்விட்டார். தண்ணீரும் சேறும் ஒரே மூச்சில் வந்தது. வலி தெரிந்திருக்காது. உள்ளே இருந்த யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

போனை வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். படங்கள் எல்லாம் இருக்கின்றன. அம்மாவை உங்களை நம்பித்தான் விட்டிருக்கிறேன். தைரியமாக இருங்கள்.

தம்பி

---

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

போன் பத்திரமா வந்தது. எனக்காக அவ்வளவு தூரம் போனியே, நல்லா இரு. மூணு நாள் நான் ஒண்ணும் சாப்பிடலை. அத்தை கேட்டதுக்குப் பல் வலின்னேன். "பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கிறவளுக்கே பல் வலியா?"ன்னாங்க. நாலாம் நாள் எழுந்துட்டேன்.

அதுக்கப்புறம் உன் கடிதாசியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். வாளி, சட்டி, கரண்டி விழுந்தது எல்லாம் கண்ணு முன்னாடி வருது. கடைசியில உன் அண்ணன் போனதைச் சொல்ற எடம் மட்டும் வழுவழுன்னு இருக்கு. துக்க வீட்டுல வந்தவங்க எல்லாரும் சொல்லிட்டுப் போற அதே வார்த்தை. அது உன் பேச்சு இல்ல.

அந்த ஆள் உன்னைப் பார்த்துப் பயந்தாரே, அதை யோசிச்சேன். போனைத் திருடினவன் ஆளைப் பார்த்தா ஓடுவான், இல்ல மன்னிப்புக் கேப்பான். செத்தவரைப் பார்த்தா பேய்னு கத்துவான். இவர் கேட்டது "மேல வந்துட்டியா?"ன்னு. கீழ உயிரோட விட்டுட்டு வந்தவனைப் பார்த்துத்தான் தம்பி அப்படிக் கேப்பாங்க.

உன்கிட்ட அவர் வேற என்ன சொன்னார்? நீ எழுத வேண்டாம். அவர் வீட்டு விலாசத்தை மட்டும் எழுது.

அண்ணி

---

ஜூன் 16

அன்புள்ள அண்ணிக்கு,

விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதை எழுத நாலு முறை உட்கார்ந்தேன். என் கையால் அது வரவில்லை, அவ்வளவுதான். போக வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அதைச் சொல்ல நான் யார்?

தனியாகப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

தம்பி

---

ஜூலை 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்க நாங்க இருக்கோம். நீ எப்படி இருக்க?

தனியாத்தான் போனேன். அத்தையைப் பக்கத்து வீட்டுல சொல்லி விட்டுட்டு, கிளினிக் விஷயமாப் போறேன்னு கிளம்பினேன். சந்துக்குள்ள போனதும் அந்த மெஷின் சத்தம். கதவைத் தட்டினா அந்தச் சத்தத்துல எங்க கேக்கும்? நேரா உள்ள போயிட்டேன். நான் யாருன்னு சொன்னதும் அவர் எழுந்து எனக்கு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டார். நீலக் கறை படிஞ்ச கை. தண்ணி குடுத்தார், நான் குடிக்கலை, பயமா இருந்தது. அவருக்கே அது புரிஞ்சு, கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தார்.

"தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா" அப்படின்னார்.

"தம்பி என்கிட்ட சொல்லலை. நீங்க சொல்லுங்க."

வாளியைப் பார்த்துக்கிட்டே சொன்னார். சேறு வந்து வழியை அடைச்சப்ப அவர் இந்தப் பக்கம் மாட்டியிருக்கார். சுரங்கம் நெடுக ஒரு காத்துக் குழாய் போகுமாமே, அது மட்டும் சேத்துக்குள்ளயும் உடையாம இருந்திருக்கு. ஆளுங்க வந்து தூக்குற வரைக்கும் அவர் அந்தக் குழாய் மேல தலை வெச்சுப் படுத்திருந்தார். அதுல தட்டுற சத்தம் கேட்டுட்டே இருந்ததாம். அந்தப் பக்கத்துல இருந்து.

"வெளிய கொண்டுவந்ததும் ஆபீசர் கேட்டார்மா. உள்ள யாராவது உயிரோட இருக்காங்களா, ஏதாவது சத்தம் கேட்டியான்னு. கேட்டேன்னு சொன்னா எடத்தைக் காட்டுன்னு என்னைத் திரும்ப உள்ள கூட்டிட்டுப் போவாங்கன்னு தோணுச்சு. காலு உடைஞ்சவனை யாரு கூட்டிட்டுப் போவா? இப்பத் தெரியுது. அப்பத் தெரியலை. இல்ல, ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லிட்டேன்."

ஒண்ணும் கேக்கலைன்னு அவர் சொன்னதை வெச்சுத்தான் வாசலை மூடினாங்க.

அவரை அடிக்கணும்னு தோணலை தம்பி. ஏன்னு தெரியலை. "மெஷினை நிறுத்துங்க"ன்னு சொன்னேன். "வேண்டாம்மா, அது நின்னா எனக்கு..."ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். நானே எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். டிரம் ரெண்டு சுத்துச் சுத்தி நின்னது. அவர் காதைப் பொத்திக்கிட்டார். எனக்கு ஒண்ணும் கேக்கலை. அவருக்குக் கேட்டிருக்கும்.

"எப்படித் தட்டினாங்க?"ன்னு கேட்டேன். இரும்புச் சட்டி மேல கரண்டியால தட்டிக் காட்டினார். ரெண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. திரும்ப அதே. நிதானமா.

அது உன் அண்ணன் இல்ல. அவர் தட்டுறது எனக்குத் தெரியாதா? கதவு பெயர்ந்து வர்ற மாதிரி ஒரே மூச்சுல தடதடன்னு தட்டுவார். நிறுத்தவே மாட்டார், நான் ஓடி வரணும். இது வேற யாரோ பொறுமைசாலி. ஊருக்குத் திரும்புற பஸ்ல எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அதைவிடப் பெரிய வேதனை. உன் அண்ணன் அந்த நிமிஷமே போயிருக்கலாம். நீ எழுதினது உண்மையாக்கூட இருக்கலாம்.

ஆனா தட்டினவருக்கும் ஒரு வீடு இருக்கும்ல?

உனக்குத் தெரிஞ்சிருக்காது, அன்னைக்குச் சுரங்க வாசல்ல நாங்க எல்லாரும் நின்னப்ப, உள்ள மாட்டின, தண்ணி இறைக்கிற பம்ப்காரரோட சம்சாரம் வெளிய நீட்டிட்டிருந்த அந்தக் காத்துக் குழாய்ல காதை வெச்சுக்கிட்டு எழுந்திரிக்கவே இல்ல. "தட்டுறாங்க, கேக்குது"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஆபீசர் ஒருத்தர் காது வெச்சுப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்ல, பம்ப் ஓடுற அதிர்வுன்னார். கடைசியா நாலு பேர் இழுத்துட்டுப் போனாங்க. துக்கத்துல புத்தி பிசகிடுச்சுன்னு எல்லாரும் பேசினோம். அதுக்கப்புறம் அவங்க மாமியாரே அவங்களைப் பைத்தியம்னுதான் கூப்பிடுறதாக் கேள்வி.

போன வாரம் அவங்க வீட்டைத் தேடிப் போனேன். பைத்தியம் எல்லாம் இல்ல தம்பி. தையல் மெஷின்ல உக்காந்து ஸ்கூல் யூனிபாரம் தைச்சிட்டு இருந்தாங்க. பின்னால தாழ்வாரத்துல மாமியார் படுத்திருந்தாங்க. எனக்கு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. அவங்க மேஜை மேல ரெண்டு தட்டு, இடைவெளி விட்டு ஒரு தட்டுத் தட்டினேன்.

தைக்கிறதை நிறுத்திட்டாங்க. நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க.

"பம்ப் அடைச்சுக்கிட்டா குழாயை அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்"னாங்க. "உனக்கு யார் சொன்னா?"

எல்லாத்தையும் சொன்னேன். சுருட்டை சொன்னதை, ஆபீசர்கிட்ட சொல்லாததை. அழுவாங்க, கத்துவாங்கன்னு நினைச்சேன். எழுந்து பின்னால போய், படுத்திருந்த மாமியாரைத் தூக்கி உக்கார வெச்சு, "இன்னொரு தடவை சொல்லு, இவங்களுக்குக் கேக்கிற மாதிரி சத்தமாச் சொல்லு"ன்னாங்க. சொன்னேன். அந்த அம்மா மருமகள் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாங்க. நான் செருப்பை மாட்டிட்டு இருந்தேன். "என் வீட்டுக்காரர் தனியா இல்ல"ன்னாங்க. "ரெண்டு பேர் தட்டினாங்க. இவர் நிறுத்தினா இன்னொருத்தர் தட்டுவார். அந்த ஆளுக்குப் பொறுமையே கிடையாது. ஒரே மூச்சா தடதடன்னு, கதவைத் திறக்கச் சொல்ற மாதிரி."

உன் அண்ணன் தட்டுறதைப் பத்தி அதுவரைக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லலை தம்பி.

அங்கயே படியில உக்காந்துட்டேன். அவங்களும் பக்கத்துல உக்காந்தாங்க. "எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். இழுத்துட்டுப் போன பிறகும் நான் திரும்பப் போனேன். கேக்கணும்னா சொல்றேன், வேண்டாம்னா வேண்டாம்"னாங்க. நான் கேக்கலை.

வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். இனியும் மறைக்க என்னால முடியலை. கடைசியில அவங்க கேட்டது ஒண்ணுதான்: "கூட இருந்தவர் நல்ல மனுஷனா?" "ரொம்பப் பொறுமைசாலின்னு சொல்றாங்க அத்தை." "அப்ப இவனை அதட்டி உக்கார வெச்சிருப்பார்"னாங்க.

மறுநாள் காலையில, எப்ப நின்னுச்சுன்னு தனக்குத் தெரியணும்னு அத்தை சொல்லிட்டாங்க. பெத்தவங்க கேக்கிறாங்க, என்னால மறுக்க முடியலை. பம்ப்காரர் சம்சாரம் சனிக்கிழமை வர்றாங்க. மத்த வீடுகளுக்கும் போய்ச் சொல்லணும், ஆபீஸுக்கும் போகணும்னு சொன்னாங்க. நான் போட்ட கடிதாசிக்குச் சுருட்டையும் வந்து சொல்றேன்னு பதில் எழுதியிருக்கார். வருவாரான்னு தெரியாது. அதெல்லாம் அப்புறம்.

சனிக்கிழமை நீ வா தம்பி. அவங்க சொல்லும்போது நான் அத்தை பக்கத்துல உக்காந்திருக்கணும். என் பக்கத்துல யாராவது உக்காந்திருக்கணும்.

அண்ணி